தூளாய் உதிர்ந்த சிமெண்ட் தரை: டெல்டா ஓட்டு வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவின் கடைமடைப் பகுதியில், களிமண் வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில், நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்றில் நடந்த வேலையைப் பற்றியது இந்தக் குறிப்பு. அந்த வீட்டில் 18 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள கூடம் ஒன்றும், அதை ஒட்டி நெல் மூட்டை அடுக்குவதற்கான 12க்கு 10 அடி உள்ளறை ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் நீண்ட காலமாகச் சாணம் மெழுகிய மண் தரையே இருந்தது. வீட்டுப் பெண்ணுக்கு வைகாசியில் திருமணம் நிச்சயமானதும், அதற்கு முன் தரையைச் சிமெண்டாக மாற்றிவிட வேண்டும் என்று குடும்பத்தார் முடிவு செய்தனர்.

பங்குனியில் மண் தரையைத் தோண்டி, மணல் நிரப்பி, அதன்மேல் 4 அங்குலக் கனத்துக்கு ஜல்லி காங்கிரீட் போடப்பட்டது. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த மேல்தரை சித்திரைக் கடைசியில் போடப்பட்டது. இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே வாரக்கணக்கில் காங்கிரீட் திறந்தே கிடந்தது. அதன்மேல்தான் எல்லாரும் நடந்தார்கள், நெல் மூட்டைகளை இழுத்தார்கள், வயல் சேற்றுக் காலோடு வந்து போனார்கள்.

திருமணம் முடிந்த மூன்றாம் மாதம், ஆவணியில், வீட்டுக்காரர் என்னை அழைத்தார். கட்டட மேற்பார்வை வேலையில் இருக்கும் நான் வேறொரு பணிக்காக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். தரை முழுவதும் வெள்ளைத் தூளாக உதிர்கிறது, பெருக்கப் பெருக்கத் தீரவில்லை, பாயில் படுத்து எழுந்தால் முதுகெல்லாம் சாம்பலாக இருக்கிறது என்பதே அவர் முறையீடு. மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிடலாமா என்பதே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

முதல் தரை போடப்பட்ட விதம்

அந்தத் தரையைப் போட்ட கொத்தனார் பக்கத்து ஊர்க்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வேலையை எடுத்திருந்தார். நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் மறைக்காமல் விடை சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனெனில் அந்த விடைகள் இல்லாமல் இந்த ஆய்வு பாதியில் நின்றிருக்கும்.

கூடத்தின் தரைக்கு மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் என்ற கணக்கில், ஏறத்தாழ 20 மி.மீ. கனத்தில் கலவை போடப்பட்டிருக்கிறது. முழுக் கூடமும் இடையில் பிரிவே இல்லாமல் ஒரே நாளில், ஒரே பரப்பாக முடிக்கப்பட்டிருக்கிறது. சுலபமாகப் பரப்ப வேண்டும் என்பதற்காகக் கலவையைத் தளர்வாகக் கரைத்ததால், மட்டப்பலகை இழுத்த பிறகு மேலே தண்ணீர் ஊறி நின்றது. அந்தத் தண்ணீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைக் கையால் தூவி, கரணையால் அழுத்தித் தேய்த்து மினுமினுப்பாக்கினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் குடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மூன்றாம் நாள் பந்தல்காரர்கள் வந்து சாமான்களை இறக்கிவிட்டதால் அத்துடன் தண்ணீர் விடுவது நின்றது. அன்றே கொத்தனாரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

நேரில் பார்த்தவை

முதலில் இரும்பு ஆணியால் தரையைக் கீறிப் பார்த்தேன். நல்ல சிமெண்ட் தரையில் ஆணி வெள்ளைக் கோடு மட்டுமே இடும். இங்கே பல இடங்களில் ஆணி பள்ளம் பறித்துக்கொண்டு போனது. பிறகு கூடத்தை ஓரடிக் கட்டங்களாகச் சாக்கட்டியால் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சிறு சுத்தியலால் தட்டினேன். 198 கட்டங்களில் 131 கட்டங்கள் கீழே பிடிப்பு இல்லாத வெற்றொலி தந்தன. உள்ளறையில் 120 கட்டங்களில் 22 மட்டுமே அப்படி ஒலித்தன. அவையும் இரண்டு மூலைகளில் திரண்டிருந்தன.

வெடிப்புகளில் இரண்டு வகை இருந்தன. கூடத்தின் நடுவே அகலவாட்டில் சுவரிலிருந்து சுவர் வரை ஓடிய ஒரு நீண்ட வெடிப்பு முதல் வகை. பிரிவில்லாத 18 அடிப் பரப்பு உலரும்போது சுருங்கித்தான் ஆக வேண்டும். சுருங்குவதற்கு நாம் இடம் வகுத்துத் தராவிட்டால், தரை தானே ஓரிடத்தைப் பிளந்துகொள்ளும். மேல் தோலில் மட்டும் சிலந்தி வலை போலப் பரவியிருந்த மயிரிழை வெடிப்புகள் இரண்டாம் வகை. இவை எல்லா இடத்திலும் சமமாக இல்லை. கூடத்தின் கிழக்குப் பாதியில், சுமார் இரண்டடி அகலத்தில், வளைந்து செல்லும் ஒரு பட்டை நெடுகிலும் மிக நெருக்கமாக இருந்தன. காரணம் உடனே புரியவில்லை. காலை பதினொரு மணி அளவில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு வெயில் வில்லை தரையில் விழுந்து, அந்தப் பட்டையின்மேலேயே நகர்ந்துகொண்டிருந்தது. சித்திரை வெயில் ஈரத் தரையின்மேல் நாள்தோறும் நடந்த தடமே அந்த வெடிப்புப் பட்டை. நீராற்றல், அதாவது தரையை ஈரமாகவே வைத்து இறுகவிடுவது, குறைந்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு துல்லியமாக வேறு எந்தத் தரையிலும் நான் கண்டதில்லை.

வெற்றொலி வந்த ஓரிடத்தில் ஓரடிக்கு ஓரடி வெட்டி எடுத்தோம். உளி பட்ட உடனே பலகைபோல் முழுத் துண்டாகக் கிளம்பி வந்தது. அடியில் காங்கிரீட்டின் முகம் கொத்தப்படவே இல்லை. அதன்மேல் காய்ந்த களிமண் படலம் ஒன்று இருந்தது, அதையே துண்டின் அடிப்பக்கம் அச்சாக எடுத்துக்கொண்டு வந்திருந்தது. துண்டின் ஓரத்தைப் பார்த்தால் மேலே ஏறத்தாழ 3 மி.மீ. கனத்தில் கருஞ்சாம்பல் தோலும், அதன்கீழே வெளிர்ந்த மணற்கலவையும் தனித்தனியே தெரிந்தன. நகத்தால் நெம்பினாலே தோல் கழன்றது.

இந்தத் தோலின் கணக்கைச் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கை உறுதிப்படுத்தியது. கூடத்துக்கு மட்டும் 6 மூட்டை செலவானதாக வீட்டுக்காரர் குறித்து வைத்திருந்தார். 18க்கு 11 அடி என்பது 18.4 சதுர மீட்டர், 20 மி.மீ. கனத்துக்கு ஒன்றுக்கு மூன்று கலவையில் சுமார் மூன்றரை மூட்டை போதும். மிஞ்சிய இரண்டரை மூட்டை, அதாவது 125 கிலோ, தூவலாகவே மேலே போயிருக்கிறது. சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ. வழவழப்புப் பூச்சுக்கு 2 கிலோ அளவே போதுமானது. சிமெண்டை அதிகம் போட்டால் தரை வலுக்கும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் மணல் கலவாத சிமெண்ட் மணல் கலந்ததைவிட அதிகமாகச் சுருங்கும், தூவிய தூளில் தண்ணீர் எட்டாத பகுதி இறுகாமல் தூளாகவே நிற்கும், ஊறிவந்த தண்ணீரோடு மேலே ஏறிய மண்ணும் அதோடு சேரும். வீட்டில் பெருக்கப் பெருக்க வந்தது அந்தத் தூள்தான்.

மீந்து கிடந்த மணலையும் சோதித்தேன். கண்ணாடிப் போத்தலில் மணலை இட்டு, ஒரு சிட்டிகை உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தேன். மணலின்மேல் படிந்த வண்டல் மணல் உயரத்தில் 12 விழுக்காடு இருந்தது. 8 விழுக்காட்டைத் தாண்டிய மணலைக் கழுவாமல் கலவைக்கு எடுப்பதில்லை என்பது வேலைத்தளங்களில் வழங்கும் அளவு.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

டைல்ஸ் ஒட்டுவதை முதலிலேயே மறுத்தேன். பிடிப்பில்லாத தரையின்மேல் ஒட்டும் டைல்ஸ், கீழே உள்ள துண்டு அசையும்போது தானும் உடையும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டிவரும். வீட்டின் மூதாட்டிக்கும் அது பிடிக்கவில்லை. "ஈரக் காலோட டைல்ஸ்ல நடக்க எனக்குப் பயமா இருக்கு தம்பி, வெயில் நேரத்துல சிமெண்டுத் தரையில துண்டை விரிச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வருது" என்றார். அந்த வீட்டின் வாழ்க்கைக்கு ஏற்றது சிமெண்ட் தரையே என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. சரியாகப் போட வேண்டும் என்பதே பிரச்சினை.

கூடத்தின் தரையை முழுவதுமாகப் பெயர்ப்பது என்று முடிவாயிற்று. மூன்றில் இரண்டு பங்கு பிடிப்பு விட்டுப்போன நிலையில் ஒட்டுப் போடுவதில் பொருள் இல்லை. உள்ளறையைப் பொறுத்தவரை, வெற்றொலி வந்த இரண்டு மூலைகளை மட்டும் வெட்டி எடுத்து நிரப்பலாம் என்றேன். செலவு குறையும் என்பதும், அறுவடைக்கு முன் அறை தேவைப்படும் என்பதும் அதற்குக் காரணங்கள். இந்த இரண்டாம் முடிவு தவறானது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

புதிய தரையின் கனத்தை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. என்று வைத்தோம். பழையதைவிட இது உயரமாதலால் உள்ளறைக் கதவின் அடியைத் தச்சரைக் கொண்டு சீவ வேண்டியிருந்தது. ஈரம் ஏறாமல் இருக்கக் காங்கிரீட்டின்மேல் பாலித்தீன் தாள் விரிக்கலாமா என்றும் யோசித்தோம். தாள் விரித்தால் தரை காங்கிரீட்டோடு ஒட்டாது. ஒட்டாத தரை நிற்க வேண்டுமானால் கனம் இன்னும் கூட வேண்டும். கனத்தைக் கூட்டினால் வாசல் நிலையின் படியைவிடத் தரை உயர்ந்துவிடும். அதனால் தாளைக் கைவிட்டு, காங்கிரீட்டோடு பிடித்து நிற்கும் தரையாகவே போடுவது என்று தீர்மானித்தோம்.

வேலையை அதே கொத்தனாரிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது வீட்டுக்காரர் தயங்கினார். கொத்தனாரின் கைத்திறனில் குறை இல்லை. மட்டம் அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. பேசிய கூலிமுறைதான் அவரை அவசரப்படுத்தியது. இம்முறை நாட்கூலி என்றும், கடைசித் தவணை பத்து நாள் தண்ணீர் நின்ற பிறகு என்றும் பேசினோம். மினுமினுப்பைப் பற்றி அவர் சொன்ன ஒன்று முக்கியமானது: "தூவித் தேய்க்கலைன்னா பளபளப்பு வராது சார். பளபளப்பு இல்லைன்னா வீட்டுக்காரங்க வேலை சரியில்லைங்கிறாங்க." இது உண்மை. அந்தத் தூவலைக் கேட்டு வாங்கியதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு என்பதை வீட்டுக்காரர் அமைதியாக ஏற்றுக்கொண்டார்.

மறுவேலை

பெயர்த்த பிறகு காங்கிரீட்டின் முகத்தை உளியால் நெருக்கமாகக் கொத்தினோம். இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. இந்த வேலைக்கு யாரும் கூலி கணக்கிடுவதில்லை என்பதால்தான் பெரும்பாலும் இது விடுபடுகிறது. பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, களிமண் கரைசல் நின்ற பள்ளங்களைத் துணியால் ஒற்றி எடுத்தோம். போடுவதற்கு முந்தின இரவு முழுவதும் காங்கிரீட்டை நனைத்து வைத்து, காலையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டோம். அடித்தளம் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் மின்னக் கூடாது.

மணல் வேறு இடத்திலிருந்து வரவழைக்கப்பட்டது. போத்தல் சோதனையில் 4 விழுக்காடு வண்டல் காட்டியது. ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்று கலந்தோம். சட்டிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவான 35 லிட்டருக்குப் பலகைப் பெட்டி ஒன்றைச் செய்தோம். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். அளவுப் பாத்திரத்தில் ஈர மணலை நிரப்பி, தண்ணீரில் அமிழ்த்தி மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தபோது, உப்பல் கால் பங்கு என்று தெரிந்தது. எனவே ஒரு மூட்டைக்கு நான்கு பெட்டிக்குப் பதில் ஐந்து பெட்டி போட்டோம்.

தண்ணீரின் அளவை ஒவ்வொரு கலவைக்கும் கையால் சோதித்தோம். கைநிறைய அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. உள்ளங்கை ஈரம் மட்டும் மின்ன வேண்டும். முதல் கலவை கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. இது பரப்ப வராது என்றார். மணியாஸ் கட்டை எனும் மரத் தேய்ப்புக் கட்டையால் அடித்து இறுக்கிய பிறகு அதே கலவையிலிருந்து சிமெண்ட் பால், அதாவது தண்ணீரில் கரைந்த சிமெண்ட், தானாக மேலே வந்ததைப் பார்த்ததும், அடுத்த கலவைக்குத் தண்ணீரை அவரே குறைத்தார்.

கூடத்தை நீளவாட்டில் நான்காகவும் அகலவாட்டில் இரண்டாகவும் பிரித்து, நாலரைக்கு ஐந்தரை அடியில் எட்டுக் கட்டங்களாக்கினோம். ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டைகளை ரசமட்டம் பார்த்துப் பதித்து, சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்றாக முதல் நாள் நான்கு, மறுநாள் நான்கு என்று நிரப்பினோம். ஒவ்வொரு கட்டத்திலும் கலவை கொட்டுவதற்குச் சற்று முன்புதான் சிமெண்ட் பாலைத் துடைப்பத்தால் தேய்த்துப் பூசினோம். அது காய்ந்து வெளுத்துவிட்டால் பிடிப்பைக் கூட்டுவதற்குப் பதில் கெடுத்துவிடும்.

வழவழப்புக்குத் தூவல் இல்லை. மட்டப்பலகை இழுத்த பிறகு, மேலே ஈர மினுப்பு அடங்கும் வரை காத்திருந்தோம். அன்று அது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கட்டை விரலால் அழுத்தினால் மெல்லிய தடம் மட்டும் விழும் நிலையில், சதுர மீட்டருக்கு 2 கிலோ கணக்கில் கரைத்த கெட்டியான சிமெண்ட் பாலை மெல்லப் பரப்பி, எஃகுக் கரணையால் இருமுறை இடைவெளி விட்டுக் கொத்தனார் தேய்த்தார். கலவைக்கு ஐந்தேகால் மூட்டையும், பிடிப்புப் பாலுக்கும் மேற்பூச்சுக்குமாக ஒன்றரை மூட்டையும் ஆக, மொத்தம் ஏழு மூட்டைக்குள் முடிந்தது. முதல் முறையைவிட ஏறக்குறைய இருமடங்கு கனமான தரைக்குக் கூடுதலாகச் செலவானது ஒரு மூட்டைதான்.

தண்ணீர் நின்ற பத்து நாட்கள்

முதல் நாள் இரவு ஈரச் சாக்குகளால் மூடினோம். ஜன்னல்களிலும் வாசலிலும் சாக்குத் திரை கட்டிக் காற்றோட்டத்தைத் தடுத்தோம். கண்ணாடி ஓட்டின்மேலும் ஒரு சாக்கைப் போட்டு மூடினோம். இரண்டாம் நாளிலிருந்து ஓரங்களில் களிமண் வரப்பு கட்டி, ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கினோம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஆதலால் வரப்பு கட்டுவதும் கசிவை அடைப்பதும் வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. மூதாட்டி நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அடிபம்பில் தண்ணீர் அடித்து நிரப்பினார். தரை இறுகுவதற்கு முன்பே கோழி ஒன்று திரைக்குள் புகுந்து ஒரு மூலையில் நடந்துவிட்டது. அந்தக் கால்தடங்கள் மூன்று இன்றும் தரையில் இருக்கின்றன.

பின்னர் நிகழ்ந்தவை

பெயர்த்துப் போட்ட ஆறாம் மாதம் மீண்டும் சென்று அதே ஓரடிக் கட்டங்களில் தட்டிப் பார்த்தேன். கூடத்தின் 198 கட்டங்களில் வெற்றொலி தந்தவை 3. மூன்றும் ஒரு மூலையில், கட்டங்கள் சேரும் இணைப்பின் ஓரத்தில் இருந்தன. சுருக்க வெடிப்புகள் இணைப்புக் கோடுகளிலேயே அடங்கிவிட்டன. தூள் இல்லை. பளபளப்பு முதல் தரையைவிடக் குறைவுதான். ஆனால் நடமாட்டத்திலும் துடைப்பிலும் அது கூடிக்கொண்டு வருவதை வீட்டார் கவனித்திருந்தனர்.

ஐப்பசி, கார்த்திகை மழையின்போது, மேற்குச் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குத் தரை கருத்து, பிறகு உலரும்போது வெள்ளை உப்பு பூத்தது. சுவருக்குக் கீழே ஈரத்தடுப்பு இல்லாத பழைய வீடு. வெளியே கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறது. தரையின் வலு குறையவில்லை, ஆனால் தோற்றம் கெட்டது.

உள்ளறையில் நிலைமை வேறு. ஒட்டுப் போட்ட இரண்டு மூலைகளின் விளிம்பைச் சுற்றி வெடிப்பு விழுந்தது. முன்பு நல்ல ஒலி தந்த கட்டங்களில் மேலும் 19 பிடிப்பு இழந்திருந்தன. மூட்டை இழுக்கும் தடத்தில் பழைய தோல் செதிலாக உரிந்தது.

மறுமுறை மாற்ற வேண்டியவை

உள்ளறையையும் அப்போதே முழுவதுமாகப் பெயர்த்திருக்க வேண்டும். அன்று தட்டிப் பார்த்தபோது 98 கட்டங்கள் நல்ல ஒலி தந்ததை நான் பிடிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். அவற்றின் அடியிலும் அதே களிமண் படலம்தான் இருந்தது. பிடிப்பு விடுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவே. நல்ல ஒலி தந்த இடத்திலும் ஒரு துண்டு வெட்டிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். வெற்றொலி வந்த இடத்தில் மட்டும் வெட்டிப் பார்த்தது என் ஆய்வில் இருந்த குறை.

மேற்குச் சுவருக்கு வெளியே தண்ணீர் ஓடிப்போக முதலில் வாட்டம் தந்திருக்க வேண்டும். தரையை எவ்வளவு கவனமாகப் போட்டாலும், சுவர் குடிக்கும் தண்ணீரைத் தரையால் நிறுத்த முடியாது. தரைக்கும் சுவருக்கும் நடுவே விரலளவு இடைவெளி விட்டு, அதைப் பின்னர் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பியிருந்தால், உப்பு அந்தக் கோட்டிலேயே பெருமளவு நின்றிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அடுத்த வேலையில் அதைச் செய்து பார்க்க இருக்கிறேன்.

காங்கிரீட் போட்ட அன்றே, அது இறுகுவதற்கு முன், முகத்தைத் துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்கி, தாமதமின்றி மேல்தரையைப் போட்டிருந்தால், உளிவேலையும் இல்லை, களிமண் படலமும் இல்லை. பங்குனியில் அந்த வீட்டில் வேலை தொடங்கியபோது அதைச் சொல்ல யாரும் இல்லை. அந்தக் கொத்தனார் இப்போது காங்கிரீட் போடும் இடங்களில் அப்படியே செய்கிறார். வேலை பேசும்போதே பத்து நாள் தண்ணீரையும் சேர்த்துப் பேசுகிறார். உள்ளறையின் தரை அடுத்த கோடையில், நெல் விற்றுத் தீர்ந்ததும் பெயர்க்கப்பட இருக்கிறது.